அளியன் ஜாமீன் கேட்கிறார், நீதிமொழிகள் வேண்டாம் என்கிறது. எதைக் கேட்பது?

ஆற்றங்கரையான்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே படிக்கிறதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. வீடு களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம் ஒரு எய்டட் பள்ளியில் கிளார்க். சம்பளம் கேரளா, ரேஷன் தமிழ்நாடு. இப்போது பிரச்சினையே அந்தச் சம்பளத்தால்தான்.

தங்கச்சி மாப்பிள்ளை, அதாவது அளியன், ஏத்தன்குலை, அதாவது நேந்திர வாழைக்குலை வியாபாரம். வெள்ளறடைப் பக்கம் தோட்டங்களில் குலை எடுத்து மார்த்தாண்டம் சந்தையில் போடுவார். வாடகை வண்டிக்குக் கொடுத்தே லாபம் போகிறது என்று சொந்தமாகப் பெட்டி ஆட்டோ வாங்கப் பார்க்கிறார். நெய்யாற்றின்கரையில் ஒரு கம்பெனியில் நாலு லட்சம் சிட்டி (ஏலச்சீட்டு), மாசம் பத்தாயிரம், நாற்பது மாசம். பதினொன்றாவது மாச ஏலத்தில் பிடித்துவிட்டார். பணம் கைக்கு வர வேண்டுமானால் மிச்சம் 29 தவணைக்கு, அதாவது 2,90,000 ரூபாய்க்கு, சம்பளக்காரன் ஒருத்தன் ஜாமீன் நிற்க வேண்டும். குடும்பத்தில் சம்பள சர்டிபிகேட் உள்ளவன் நான் ஒருத்தன்தான்.

ராத்திரி வேதம் வாசிக்கும்போது சொல்லிவைத்த மாதிரி நீதிமொழிகள் 22:26 வந்தது. "கையடித்து உடன்பட்டு, கடனுக்காகப் பிணைப்படுகிறவர்களில் ஒருவனாயிராதே." சரி, கர்த்தர் பேசிவிட்டார் என்று நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் வீட்டுக்கூட்டத்தில் பேசியவர் எடுத்த வசனம் கலாத்தியர் 6:2, "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து". வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது. தங்கச்சியும் அதே கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டும் வேதம்தான். எதை எடுப்பது?

பெட்டிக்கடை:

வசனம் தெளிவாக இருக்கிறது. போடாதே. முடிந்தது கதை. அளியன் நாலு நாள் முகம் தூக்குவார், அப்புறம் சரியாகிவிடும்.

டீச்சரம்மா:

பெட்டிக்கடைத் தம்பிக்கு எல்லாமே சீக்கிரம் முடிந்துவிடும்.

ஆற்றங்கரைத் தம்பி, கலாத்தியரிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் உங்களை அதிகம் குத்தியிருக்கிறது. 6:2-ஐ மட்டும் வாசிக்காமல் முதல் வசனத்திலிருந்து ஐந்தாவது வரைக்கும் ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள். முதல் வசனம் யாரைப் பற்றி? ஒரு குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமாகச் சீர்ப்படுத்துவது பற்றி. அங்கே "பாரம்" என்பது முதலாவது அந்தப் பாரம்தான். அதற்காகப் பணக்கஷ்டத்தில் உதவ வேண்டாம் என்று ஆகாது, ஆனால் ஜாமீன் பத்திரத்துக்கு நேரடியாக எழுதின வசனம் என்று யாரும் உங்களை மிரட்டவும் முடியாது. இனி ஐந்தாம் வசனம்: "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே." மூன்றே வசனத்துக்குள் பவுல் மாற்றிப் பேசிவிட்டாரா? தமிழில் இரண்டு இடத்திலும் பாரம் என்றே இருக்கிறது. கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொல். இரண்டாம் வசனத்தில் பாரோஸ், ஒருவனை அழுத்துகிற பளு. ஐந்தில் போர்த்தியோன், ஒருவன் தன் தோளில் எடுத்துக்கொண்டு போக வேண்டிய சுமை. எனக்குக் கிரேக்கம் தெரியாது, வேதபாட வகுப்பு எடுக்க ஆரம்பித்த வருஷம் ஒரு விளக்கவுரையில் பார்த்துக் குறித்து வைத்தது. எங்கள் வகுப்புப் பெண்களுக்குச் சொல்லும்போது, குலை ஏற்றின வண்டி கவிழ்ந்து ஒருத்தன் அடியில் கிடந்தால் ஊரே தூக்க வேண்டும், அவன் தினசரி தலைச்சுமையை அவன்தான் கொண்டுபோக வேண்டும் என்பேன்.

உங்கள் அளியனுடையது எது? வண்டி கவிழ்ந்ததா, தலைச்சுமையா? அதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

ஆற்றங்கரையான்:

கவிழவில்லை டீச்சர். வியாபாரம் ஓடுகிறது. பெரிதாக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

எழுப்புதல்77:

மன்னிக்கவும். வசனத்தை இப்படிப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தால் விசுவாசம் எங்கே நிற்கும்? எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கேட்ட ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து பிள்ளைகளை வளர்த்தார்கள். கிரேக்கம் தெரிந்தால்தான் கீழ்ப்படிய முடியுமா? அந்தச் சகோதரன் ராத்திரி வாசித்தபோது வந்தது கர்த்தருடைய சத்தம் என்று நான் நம்புகிறேன்.

டீச்சரம்மா:

உங்கள் அம்மாவைப் பற்றி நான் ஒரு சொல் எதிராகச் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனால் அம்மா அந்த ஒரு வசனத்தை எத்தனை வருஷம் மென்றார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் படிப்புதான். நான் பயப்படுவது வேறு வகைக்கு: கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து விரல் வைக்கிறது, புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்து அதை வைத்தே கலியாணம் முடிவு பண்ணுகிறது. எரேமியா 29:11 அட்டை எங்கள் வீட்டிலேயே மூன்று கிடக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது, அதை எந்த அட்டையிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

பாறசாலைக்காரன்:

நான் மலையாளத்தில் வேதம் வாசிக்கிறவன், வீட்டில் பேசுவது தமிழ். ஒரு விஷயம் கவனித்தேன். தமிழில் "பிணைப்படுகிறவர்கள்" என்று இருக்கிற இடத்தில் எங்கள் சத்தியவேதபுஸ்தகத்தில் நேராக "ஜாமியம் நில்க்குந்நவர்" என்று இருக்கும். பேங்கிலும் சிட்டி கம்பெனியிலும் எழுதியிருக்கிற அதே சொல். அதனால் எங்கள் ஆட்களுக்கு அந்த வசனம் சட்டென்று உறைக்கும். தமிழில் வாசிக்கிற சித்தப்பா "பிணை" என்றால் ஏதோ பழைய காலத்து அடிமைச் சமாச்சாரம் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார், அதற்குள் மூன்று பேருக்கு ஜாமீன் நின்று முடித்திருந்தார்.

ஓய்வு_குமாஸ்தா:

நான் கோர்ட்டில் முப்பது வருஷம் கட்டுகளைத் தூக்கினவன். வேதம் டீச்சரம்மா பார்த்துக்கொள்வார்கள், நான் பத்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128: ஜாமீன்தாரன் பொறுப்பு கடன்காரன் பொறுப்புக்குச் சமம், பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய. நம் ஆட்கள் நினைப்பது, முதலில் கடன் வாங்கினவனை நெருக்குவார்கள், அவன் சொத்தை ஏலம் விடுவார்கள், எல்லாம் போதாமல் போனால்தான் நம்மிடம் வருவார்கள் என்று. அப்படிக் கிடையாது. நேராக உங்களிடம் வரலாம். குலை வியாபாரியைத் தேடிச் சந்தை சந்தையாக அலைவதைவிட மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வாங்குகிறவனைப் பிடிப்பது அவர்களுக்குச் சுலபம்.

கட்டிவிட்டால் அளியனிடமிருந்து திருப்பி வசூலிக்க உங்களுக்கு உரிமை உண்டு, பிரிவு 145. தங்கச்சி வீட்டு மேல் கேஸ் போடுகிற ஆளா நீங்கள்?

இன்னொன்று. சிட்டி பிடித்தவரிடம் மிச்சத் தவணைக்கு ஈடு வாங்குவது 1982-ஆம் வருஷச் சிட்டிச் சட்டத்திலேயே உள்ள ஏற்பாடு, அதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் தவணை கட்டாவிட்டால் பிடிக்காத மற்ற உறுப்பினர்கள் பணம் அல்லவா போகும்?

ரப்பர்க்காட்டுப்பிள்ளை:

எல்லாரும் வாங்குகிறவனுக்கும் ஜாமீன் நிற்கிறவனுக்கும் மட்டும் வசனம் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு. ஒன்றரை ஏக்கர் சொந்தம், அதோடு பக்கத்துத் தோட்டமும் வெட்டுவார். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது கூட்டாளி ஒருத்தருக்கு ஜாமீன் நின்றார், பத்திரம் கித்திரம் ஒன்றும் இல்லை, வாய்ச்சொல்தான், வட்டிக்குக் கொடுத்தவர் எங்கள் சபையிலேயே முன்வரிசையில் உட்காருகிற ஆள். கூட்டாளி மழைக்காலத்தில் ஊரைவிட்டுப் போய்விட்டார். மழையில் வெட்டு கிடையாது, கையில் காசு கிடையாது. ஒரு நாள் காலையில் ஆட்கள் வந்து வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பில் கிடந்த ஷீட் அடிக்கிற ரோலர் இரண்டையும் கழற்றி வேனில் ஏற்றினார்கள். ஒன்று வெறும் உருளை, இன்னொன்று வரி போடுகிறது. அம்மா அன்றைக்குக் காலையில் ஆசிட் விட்டு உறையவைத்திருந்த பால் டிஷ்ஷில் வெள்ளைக் கட்டியாக இருந்தது, அதை அடிக்க மிஷின் இல்லை. அம்மா முற்றத்தில் சாக்கு விரித்து அதன் மேல் கட்டியைப் போட்டுக் காலால் மிதித்தார்கள். மெலியவே இல்லை. கடைசியில் ஒட்டுப்பாலோடு (மரத்தில் ஒட்டிக் காய்ந்த மட்டமான பால்) சேர்த்து அந்த விலைக்குக் கொடுத்தோம். அப்புறம் பல மாசம் அடுத்த வீட்டு மிஷினுக்கு ஷீட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தே அடித்தோம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு எல்லாரும் சொன்ன வசனம் நீதிமொழிகள் 22:26. அதற்கு அடுத்த வசனத்தில் "நீ படுத்திருக்கும் படுக்கையையும்" எடுத்துக்கொள்வான் என்று இருக்கிறதே, அதையும் சொன்னார்கள். உபாகமம் 24:6-ஐ ஒருத்தரும் சொல்லவில்லை. அதை நான் காலேஜ் படிக்கும்போது தற்செயலாக வாசித்தேன். "திரிகையின் அடிக்கல்லையாவது அதின் மேற்கல்லையாவது ஒருவரும் அடகாக வாங்கக்கூடாது, அது ஜீவனை அடகு வாங்குவதுபோலாகும்." இரண்டு கல், இரண்டு ரோலர். ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அதே அதிகாரத்தில் பத்தாவது வசனத்திலிருந்து பாருங்கள், அடகு வாங்க வருகிறவன் வீட்டுக்குள்ளே நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடன்பட்டவனே கொண்டுவந்து கொடுக்கட்டும், ஏழையின் போர்வை என்றால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு. அந்த மனுஷன் எங்கள் சாய்ப்புக்குள் நுழைந்தவர். அவர் வருஷத்துக்கு ஒரு தடவை முழு வேதத்தையும் வாசித்து முடிக்கிறவர் என்று சபையில் கைதட்டி வாழ்த்தினார்கள்.

டீச்சரம்மா:

இதற்கு மேல் நான் என்ன எழுத. உபாகமம் 24-ஐ எத்தனையோ தடவை வகுப்பில் எடுத்திருக்கிறேன், திரிகை என்றால் பாட்டி வீட்டுக் கல் என்று சொல்லிவிட்டுத் தாண்டியிருக்கிறேன். ரோலரை நினைத்ததில்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் அந்த மிஷின் இருக்கிறது.

பெட்டிக்கடை:

நான் அப்போதே சொன்னேன், போடாதே என்று.

ஓய்வு_குமாஸ்தா:

சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 60-ல் கைத்தொழில்காரனின் கருவிகளை ஜப்தி செய்யக்கூடாது என்று இருக்கிறது மகளே. ஆனால் அது கோர்ட் வழியாக வருகிறவனுக்கு. வேனோடு வருகிறவன் சட்டம் பார்த்தா வருகிறான்?

எழுப்புதல்77:

அந்தக் கதை மனதைப் பிசைகிறது. ஆனால் கேள்வி பாக்கி நிற்கிறதே. ஜாமீன் நிற்பது பாவமா? அப்படியானால் எபிரெயர் 7:22-ல் இயேசுவே "பிணையாளியானார்" என்று இருக்கிறதே?

டீச்சரம்மா:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் தம்பி, உங்களைத் தப்பாக எடை போட்டுவிட்டேன்.

முதலில், நீதிமொழி என்பது கட்டளை எழுதின பலகை மாதிரி இல்லை. 26:4-ல் மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்று இருக்கும், 26:5-ல் கொடு என்று இருக்கும், அடுத்தடுத்த வசனம். தொகுத்தவருக்குத் தெரியாமலா வைத்தார்? நம் பழமொழியே "பதறாத காரியம் சிதறாது" என்றும் சொல்லும், "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றும் சொல்லும். எது எந்த நேரத்துக்கு என்று பார்க்கிறதில்தான் புத்தி இருக்கிறது. நீதிமொழிகளில் ஜாமீன் பற்றி வருவதை ஒத்தவாக்கிய அகராதியில் தேடி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: 6:1, 11:15, 17:18, 20:16, 22:26, 27:13. ஒன்றிலும் நல்ல பேச்சு இல்லை. அதிகமாக வருவது அந்நியனுக்காக நிற்பது, அப்புறம் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாதவன் நிற்பது. சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் கையடித்து விலை முடிப்பது மாதிரி, ஆலோசிக்க நேரமில்லாமல் கையடிக்கிறது.

இனி மற்ற இடங்களைப் பாருங்கள். ஆதியாகமத்தில் கடைசி மகன் பென்யமீனை எகிப்துக்கு அனுப்ப யாக்கோபு பயப்படுகிறார். மூத்த மகன் ரூபன் சொல்வது 42:37-ல், அவனைத் திருப்பிக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு குமாரரையும் கொன்றுபோடும் என்று. பிள்ளைகளை ஈடாக வைக்கிறான், யாக்கோபு மறுத்துவிடுகிறார். இன்னொரு மகன் யூதா 43:9-ல் சொல்வது வேறு, என்னிடத்திலே கேளும் என்கிறான். அடுத்த அதிகாரத்தில் சோதனை வரும்போது பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று நிஜமாகவே முன்னால் போய் நிற்கிறான். யோசேப்பை விற்கலாம் என்று முதலில் சொன்ன அதே யூதா! பவுல் பிலேமோனுக்கு எழுதும்போது அவருடைய அடிமை ஒநேசிமுவின் கடனை "என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று சொல்லி, நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று சொந்தக் கையால் எழுதுகிறார்.

இவர்கள் இரண்டு பேரும், "அவன் கட்டிவிடுவான், நமக்கு வராது" என்று நினைத்துக் கையெழுத்துப் போடவில்லை. நமக்கு வரும் என்று தெரிந்தே நின்றார்கள். நம் ஊரில் ஜாமீன் நிற்கிற யாராவது அப்படி நிற்கிறோமா? அளியன் கட்டுவார் என்பதில்தான் உங்கள் கையெழுத்து நிற்கிறது தம்பி. 2,90,000 ரூபாயை அவருக்கு இனாமாகக் கொடுக்கும் மனசும் வசதியும் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் உங்களால் முடிந்த தொகையைக் கையில் கொடுத்துவிட்டு, ஜாமீன் மட்டும் வேண்டாம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆற்றங்கரையான்:

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. ஒன்றை மறைத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இங்கே எழுதுவதற்கு மூன்று நாள் முன்பே. வசனம் வாசித்தது அதற்குப் பிறகுதான். அது சமாதானம் தரும் என்று வாசித்தேன், வயிற்றைக் கலக்கிவிட்டது. நிம்மதியாகப் படுத்தேன் என்று எழுதியது பொய்.

பெட்டிக்கடை:

அட மக்கா.

ஓய்வு_குமாஸ்தா:

பணம் அளியன் கைக்கு வந்ததா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஆற்றங்கரையான்:

இல்லை சார். பள்ளிக்கு ஆள் வந்து சம்பள சர்டிபிகேட் நிஜமா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த வாரம் தருவார்களாம்.

ஓய்வு_குமாஸ்தா:

அப்படியானால் இன்னும் வழி இருக்கிறது. பணம் பட்டுவாடா ஆகுமுன் போய் எழுதிக் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள். அளியனையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. ஆமாம், பத்திரத்தை வாசித்தீர்களா?

ஆற்றங்கரையான்:

மலையாளத்தில் பொடி எழுத்தில் நாலு பக்கம். பென்சிலில் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

டீச்சரம்மா:

நீதிமொழிகள் 6:1 முதல் 5 வரை உங்களுக்காகவே எழுதியது. அது போடாதே என்று சொல்கிற இடம் இல்லை, போட்டுவிட்டவனிடம் பேசுகிற இடம். போய் உன்னைத் தாழ்த்திக் கேள், கண்ணுக்கு நித்திரை வரவிடாதே, வெளிமான் வேட்டைக்காரன் கைக்குத் தப்புவது போலத் தப்பு. அங்கே "சிநேகிதன்" கடன் வாங்கினவனா, கொடுத்தவனா என்று விளக்கம் எழுதினவர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரிடமும் போய்விடுங்கள், சந்தேகமே வேண்டாம்.

எழுப்புதல்77:

சங்கீதம் 15:4 இருக்கிறதே டீச்சர்? "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்." கொடுத்த வாக்கிலிருந்து நழுவச் சொல்கிறீர்களா?

டீச்சரம்மா:

அந்த வசனம் என்னையும் உறுத்துகிறது, மறைக்கவில்லை. ஆனால் சொல்லாமல் ஓடிப்போவதும், நேரே போய் என்னை விடுவித்துவிடு என்று கேட்பதும் ஒன்றா? விடுவிக்க மாட்டேன் என்று அளியன் சொன்னால், நஷ்டம் வந்தாலும் நிற்க வேண்டியதுதான். அப்போது 15:4 பேசட்டும்.

ஆற்றங்கரையான்:

இன்று காலை நாலரைக்கே மார்த்தாண்டம் சந்தைக்குப் போனேன். அளியன் லாரியிலிருந்து குலை இறக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் வைத்துச் சொன்னால் தங்கச்சி முன்னால் அவருக்கு அவமானம் என்று நினைத்து அங்கே போனது. சொன்னேன். கொஞ்ச நேரம் குலையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி நின்றார். "நீ முதல்லயே சொல்லியிருந்தா நான் வேற ஆளைப் பார்த்திருப்பேன்" என்றார். அது நியாயம், எனக்குப் பதில் இல்லை. அப்புறம் அவரே, பாதிக்குத் தங்கச்சி சங்கிலியையும் அவருடைய டெபாசிட்டையும் ஈடு வைக்கிறேன், மிச்சப் பாதிக்கு மட்டும் நீ நிற்பாயா என்றார். 1,45,000. வீட்டுக்காரியோடு கணக்குப் பார்த்தோம். அது போனாலும் நாங்கள் பட்டினி கிடக்க மாட்டோம், வீட்டுக்கு மேல் அறை கட்டுவது தள்ளிப்போகும். சரி என்றேன். அந்தப் பணம் போய்விட்டதாகவே நினைத்து மாசம் ஐயாயிரம் தனியாக ஆர்டி போடப்போகிறேன். அவர் ஒழுங்காகக் கட்டி முடித்தால் மேல் அறை.

தங்கச்சி இன்னும் போன் எடுக்கவில்லை.

ஓய்வு_குமாஸ்தா:

நல்லது. பழைய பத்திரத்தை ரத்து செய்து புதிதாக எழுதச் சொல்லுங்கள், பழையதில் திருத்தம் வேண்டாம். புதியதைக் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியும் வாசியுங்கள்.

பாறசாலைக்காரன்:

போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள் அண்ணா, தமிழில் சொல்கிறேன்.

ஆற்றங்கரையான்:

தம்பி வாசித்துச் சொன்னார். புதிய பத்திரம், தொகை சரி. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: மேற்படி உறுப்பினர் இந்தக் கம்பெனிக்கு இப்போதும் இனிமேலும் செலுத்த வேண்டிய மற்ற எல்லா பாக்கிக்கும் ஜாமீன்தாரர் பொறுப்பு. அளியனிடம் கேட்டேன். அங்கேயே இன்னொரு சிட்டி இருக்கிறதாம், ஒரு லட்சம், சின்னதுதானே என்று சொல்லவில்லையாம்.

ஓய்வு_குமாஸ்தா:

அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள். வெட்டின இடத்தில் இரண்டு தரப்பும் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும். முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆற்றங்கரையான்:

திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். அளியனும் வருகிறேன் என்றார், குலை இறக்கிவிட்டுப் பத்து மணிக்கு.